தம் கட்டக் கூடாது

ஜனவரி 5, ஞாயிறு

ஸ்கூபா வகுப்புக்கு, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கப் பழகுவதற்கு, பணம் கட்டியாகிவிட்டது. இனிப் பின்வாங்கினால் திருப்பித் தரமாட்டார்களாம். படிவத்தில் வரிசையாகக் கேள்விகள். ஆஸ்துமா உண்டா, மயக்கம் வருமா, இதயத்தில் கோளாறா. 'இல்லை, இல்லை' என்று போட்டுக்கொண்டே வந்து காதில் நின்றுவிட்டேன். சின்ன வயதில் இடது காதில் சீழ் வரும். அம்மிச்சி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ரெண்டு சொட்டு விடும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 'ஆம்' போட்டால் டாக்டர் கையெழுத்து வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து 'ஆம்' போட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இடது செவிப்பறையில் பழைய தழும்பு இருக்கிறது, ஓட்டை இல்லை என்றார் காது மூக்கு டாக்டர். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இந்த வயசுல எதுக்குங்க இது?" என்றார். சிரித்து வைத்தேன். இவளும் அதையேதான் கேட்டாள். அவளிடமும் சிரித்துத்தான் வைத்தேன், அது செல்லுபடி ஆகவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

நீச்சல் குளத்தில் முதல் நாள். சொல்லித்தருகிறவன் தூத்துக்குடிப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. காலையில் 'சார்' என்றவன் மதியத்துக்குள் 'அண்ணே' ஆக்கிவிட்டான்.

முதலில் 200 மீட்டர் நீந்தச் சொன்னான், அப்புறம் 10 நிமிடம் மிதக்க வேண்டும். இரண்டும் சுலபம். நான் நீந்தியது கிணற்று நீச்சல், தலையைத் தூக்கிக்கொண்டு தொப்பு தொப்பென்று அடித்துக்கொண்டு. பக்கத்தில் நீந்திய சின்னப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தன. சரி.

பிறகு சிலிண்டர். உள்ளே 200 பார் அழுத்தம் என்றான். கடைக்காரன் புத்தி, உடனே கணக்குப் போட்டேன்: சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2900 பவுண்டு. கார் டயருக்கு 32 பிடிக்கிறோம். அதை முதுகில் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறான்.

"முதல் விதி, கடைசி விதி, எல்லாம் ஒண்ணுதாண்ணே. தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிக்கவே கூடாது. இழுத்துக்கிட்டும் விட்டுக்கிட்டும் இருக்கணும்."

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையே அதுதானே! எங்கள் ஊரில் தம் கட்டி அடி வரைக்கும் போய், ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு வந்து காட்டினால்தான் நீச்சல் தெரிந்தவன். சேறு இல்லாமல் மேலே வந்தால் அன்றைக்கு முழுக்கக் கேலி.

காரணம் புரியாமல் இல்லை. பத்து மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது தண்ணீர் உயரத்துக்கு, ஒரு கிலோ பிரஷர் என்பது பம்ப் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருவது. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வந்தால் இரண்டு மடங்காகும். வழி விடாமல் வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல்தான் கிழியும். நாலடி ஆழத்திலிருந்துகூட நடக்கலாமாம்.

எல்லாம் மண்டைக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குத் தெரியவில்லை. முகம் தண்ணீருக்குள் போனதும் தானாகப் பூட்டிக்கொள்கிறது. குமிழி வரவில்லை என்று தம்பி என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாம் தடவை தட்டியபோது எழுந்து நின்றுவிட்டேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிவது மீசையால்தானாம். எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

பட்டிப்பொங்கலுக்கு ஊர். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், கிணறு பாதிக்கு மேல் நிற்கிறது. நான் போனால் எப்போதும் அதன் விளிம்பில் ஒரு தரம் நிற்பேன். மாடு பூட்டிக் கவலை இறைத்த தடம் புல் மூடிக் கிடக்கிறது.

மாமாவும் வந்திருந்தார். கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடமாகக் கேட்காததை இன்றைக்கு, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுகிற நேரத்தில், எப்படிக் கேட்பது? இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்கினார். கயிறு அறுத்த எரிச்சல்கூட இடுப்பில் நினைவிருக்கிறது. அப்புறம் கயிறு தொய்ந்தது. மேலே பார்த்தால் வட்டமாக வெளிச்சம், அதில் அவர் தலை. கயிற்றை விட்டாரா, நழுவியதா, வேண்டும் என்றே விட்டாரா. ஒன்று மட்டும் நிச்சயம். அன்றைக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டதால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

யார் சொன்னதோ, அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஆக்சிசன் சிலிண்டரா கண்ணு? அப்பனுக்கு வெச்சாங்களே, அந்த மாதிரியா?" இல்லைம்மா, அதில் இருப்பது நாம் இழுக்கிற சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது என்றேன். கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ராத்திரி வரை பேசவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மாஸ்க்கில் பாதி தண்ணீரை விட்டு, அதை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். நெற்றிப் பக்கம் அழுத்திப் பிடித்து, தலையை நிமிர்த்தி, மூக்கு வழியாக ஊது. அவ்வளவுதான். ஐந்து தடவை தோற்றேன். மூக்கில் தண்ணீர் ஏறியதும் உடம்பு ஒன்பது வயதுக்குப் போய்விடுகிறது.

போகும்போது கேட்டேன், உனக்குப் பயமே இல்லையா என்று. அவன் தாத்தா சங்கு குளித்தவராம். காலில் கல், இடுப்பில் கயிறு, ஒரே மூச்சு. "கயிறு மச்சான் கையிலதாண்ணே இருக்கும். தங்கச்சி தாலி அறுந்துரும்ல, விடமாட்டான்." எனக்கு மாமா பிடித்தார் என்றேன். "மாமாவும் நல்ல ஆளுதான" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் மீசையில் மூக்கை ஒட்டிய ஒரு வரியை மட்டும் மழித்தேன்.

ஜனவரி 20, திங்கள்

"ஏனுங், எலி கடிச்சிருச்சுங்களா?"

ஜனவரி 26, ஞாயிறு

இன்று 12 அடி ஆழப் பக்கம். இறங்க இறங்கக் காது வலிக்கும், வலிப்பதற்கு முன்னாலேயே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊது என்றான். வலதுக்கு உடனே 'டக்'. இடதுக்கு ஒன்றுமில்லை. ஒரு அடி மேலே ஏறி, எச்சில் விழுங்கி, தாடையை அசைத்து மறுபடி ஊதினேன். 'கீச்' என்று ஒரு சத்தம், எங்கோ கதவு திறந்த மாதிரி. வலி போன இடம் தெரியவில்லை.

நாளெல்லாம் அதே நினைப்பு. தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாருக்கு அடியில் ஒரு ரப்பர் டயஃப்ரம் வைத்திருப்பார்கள், உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமாக இருக்கட்டும் என்று. அது கிழிந்து வந்த மோட்டார்களை எத்தனை மாற்றியிருப்பேன். காதிலும் ஆண்டவன் அதையேதான் வைத்திருக்கிறான். இருபது வருடமாக மோட்டாரை முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று போர்வெல்லுக்குள் இறக்கிவிட்டு மேலே பீடி பிடித்தவனுக்கு இப்போதுதான் அதன் கஷ்டம் புரிகிறது.

மாஸ்க் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டேன். இரண்டு தடவை!

பிப்ரவரி 2, ஞாயிறு

சளி. மூக்கடைப்பு இருந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது, காது சமன் ஆகாது. போகவில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று சாயங்காலம் கோபம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டம், கடலில் இறங்கப் பாண்டிச்சேரிக்குப் பஸ் டிக்கெட் போட்டாகிவிட்டது. மச்சான் போன் செய்து, திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கியதும் நேரே எல்லோரும் ஊட்டி போய்விடலாம் என்றார். மூழ்கிவிட்டு உடனே மலையேறக் கூடாது என்றேன். உடம்பில் ஊறின நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், விமானம் என்றால் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், ஊட்டியோ 2240 மீட்டர். "சோடா பாட்டில் மாதிரி பொங்கீருவீங்களா மாப்ள?" என்றார். ஏறக்குறைய அதேதான் என்றேன். அவர் நம்பவில்லை. ஊட்டி ஒரு நாள் தள்ளிப்போனதில் அவருக்கு வருத்தம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாமாவிடம் கேட்டுவிட்டேன். போனில்தான். முதலில் மழை, அப்புறம் தேங்காய் விலை, அப்புறம்.

"எந்தக் கவுறு மாப்ள? உனக்கு எங்க கவுறு கட்டுனோம்? லாரி ட்யூப்பைல்ல மாட்டி உட்டது. நீதான் அதுல இருந்து வழுக்கீட்டுப் போயிட்ட. நான் குதிச்சுத் தலமுடியப் புடிச்சுத் தூக்குனேன். கையில சேறு வெச்சிருந்த, உடவே மாட்டேன்னுட்ட."

சட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் இடுப்பைப் பார்த்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சேறு எனக்கு நினைவே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பஸ். சேலம் தாண்டியாகிவிட்டது. தூக்கம் வரவில்லை. மூச்சை எண்ணிக்கொண்டு வருகிறேன், பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கோயில் கயிறு ஒன்றை இவள் கையில் கட்டி அனுப்பியிருக்கிறாள், சிவப்பு.

பிப்ரவரி 22, சனி

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றான். கயிறு! பிடித்தேன். அடி தெரியவில்லை. பச்சையாக, கலங்கலாக, கயிறு கீழே போய் அப்படியே காணாமல் போகிறது. ஐந்து மீட்டரில் இடது காது நின்றுவிட்டது. கொஞ்சம் மேலே, விழுங்கு, ஊது. கீச். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

மணல் தெரிந்தபோது மீட்டர் 9 காட்டியது. மண்டியிட்டேன். ஏதோ சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முகத்துக்கு நேரே நின்று, பிரயோசனமில்லை என்று முடிவு செய்த மாதிரிப் போய்விட்டன. மணிக்கட்டைப் பார்த்தால் சிவப்புக் கயிறு பழுப்பாகிக் கிடந்தது. ஆழத்தில் முதலில் போகும் நிறம் சிவப்பு என்று தம்பி சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை. மாற்றிக் கட்டிவிட்டாளோ என்றுதான் நினைத்தேன்.

ஏறும்போது ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடம் நின்றோம். தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். குமிழி போய்க்கொண்டிருந்தது போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

படகில் ஏறியதும் வாந்தி. அலை.

ஏறுகிற அவசரத்தில் கவனிக்காமல் இருந்தேன், அப்புறம்தான் தெரிந்தது. கையுறைக்குள் ஒரு பிடி மணல்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. வலி இல்லை. எச்சில் விழுங்கிப் பார்த்தேன், கீச் வரவில்லை. சொன்னால் இன்று கரையில் உட்கார வைத்துவிடுவான். சொல்லாவிட்டால்? ஏழு மணிக்குப் படகு. இப்போது ஆறு நாற்பது. டீ டம்ளரோடு தம்பி இந்தப் பக்கம்தான் வருகிறான்