சாய்வு சைக்கிளில் கை வலித்தால் ஹேண்டில்பாரைக் கவனிங்க

வேலூர்ப் பக்கம் சாய்வு சைக்கிள் (முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் வண்டி) ஓட்டுறவங்களுக்கு. முழங்கை லேசாக மடங்கி, உடம்பை ஒட்டித் தளர்வாக இருக்கணும். கையை நீட்டியே பிடித்தால் பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி சேர்வதற்குள் தோள் இறுகிடும்.

அதுக்காக கைப்பிடியை ஒரேயடியாக மார்புக்கு இழுக்காதீங்க. ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) திரும்புகிற அச்சிலிருந்து பிடி எவ்வளவு பின்னால் வருதோ, திருப்பும்போது கை அவ்வளவு பக்கவாட்டில் அலையும், படகுச் சுக்கான் மாதிரி. மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடும். 2 செ.மீ. மாற்றுங்க, ஒரு நாள் ஓட்டுங்க, பிறகு அடுத்த 2. முழுசாக வளைக்கும்போது பிடி முழங்காலில் இடிக்குதான்னும் பாருங்க.

ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) வாங்கும் முன் வெர்னியர் அளவுகோல் வைத்து அளங்க. ஃபோர்க் குழாய் 28.6 மி.மீ.யா, உள்ளே செருகும் 22.2 வகையா? ஹேண்டில்பார் நடுப்பகுதி 25.4ஆ, 31.8ஆ? அளவு சேராததைத் தகரம் சுற்றி இறுக்குவது ஆபத்து, பிரேக் பிடிக்கும்போது நழுவும். செருகும் வகையில், எவ்வளவு ஆழம் உள்ளே போகணும்னு ஸ்டெமில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியவே கூடாது.

அலுமினிய பாரை வளைத்து வெல்டிங் வைக்காதீங்க, விரிசல் விடும். வெல்டிங்தான் வழின்னா இரும்பு பார் எடுங்க.

கடைசியா ஒயர். இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்க. பிரேக் தானாகப் பிடித்தால் அவுட்டர் (ஒயரின் வெளி உறை) குட்டை, நீளமானதாக மாற்றணும். மிச்சம் இருக்குன்னு கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட்டுடாதீங்க. அழுத்தத்தில் பிளந்துவிடும்.