கடைமடையிலிருந்து இன்னொரு டெல்டாவுக்கு

நெதர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருவே எனக்குக் குளிரைப் பற்றி வகுப்பெடுத்தது. குளிர் பெரிய விஷயம் இல்லை. நல்ல கோட்டு ஒன்று வாங்கினால் தீர்ந்தது. (குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது.) சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. டென் ஹாக் (ஹேக்) நகரில், சூரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் கடைகளில் முருங்கைக்காய் கிடைக்கும், ஈழத்தமிழர் கடைகளில் அரிசியும் மிளகாய்த்தூளும் கிடைக்கும். டென் ஹெல்டரில் ஈழத்தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில்கூட உண்டு. பழக நாள் பிடித்தது மனிதர்களிடம்தான்.

இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். சித்தப்பா மகன் டெல்ஃப்டுக்குப் படிக்கப் போகிறான். "அங்க எப்படிக்கா இருக்கணும்?" என்று அவன் துருவித் துருவிக் கேட்டதற்குச் சொன்னவைதான் இதெல்லாம்.

காகித வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம். போனதும் நகராட்சியில் பதிவு செய்தால் பிஎஸ்என் என்று ஒரு எண் தருவார்கள், அது இல்லாமல் சம்பளமும் நகராது. வேலைக்கு வருகிறவர்கள் நான்கு மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கொள் என்பார், ஊசியை எதிர்பார்க்காதே.

ஆபீஸ் வேறு கதை. மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாயே வரவில்லை. பெயரும் சொல்லாமல், சாரும் போடாமல், எதிரே போய் நின்று பேச்சைத் தொடங்கியே கொஞ்ச காலம் ஓட்டினேன். ஒரு கூட்டத்தில் நான் போட்ட வடிகால் வரைபடத்தைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் "இது சரியாக வராது" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. கூட்டம் முடிந்ததும் அவளே வந்து காபி எடுத்து வரட்டுமா என்றாள். அவளைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. அவள் குறை சொன்னது வரைபடத்தை, அவ்வளவுதான். அங்கே பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள்.

இந்த நேர்ப்பேச்சுக்கு அவர்களே ஒரு காரணம் சொல்வார்கள். நாட்டில் ஏறக்குறைய கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே. ஸ்கிப்போல் விமான நிலையம் இருக்கும் இடமே 1852-இல் வற்றவைத்த ஏரி. பக்கத்து நிலத்துக்காரனோடு சண்டை என்றாலும் கரையைச் சேர்ந்து காக்காவிட்டால் இருவர் நிலமும் போய்விடும். அதனால் உட்கார்ந்து பேசி முடிக்கும் பழக்கம் வந்ததாம். நான் பாதிதான் நம்புகிறேன். சேர்ந்து நிற்க வேண்டிய கட்டாயம் நமக்கும்தான் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தண்ணீரை வெளியேற்றுவது கவலை, நமக்கு அது வந்து சேருமா என்பது கவலை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும், ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் நயந்து பேச வேண்டும், மேல்மடைக்காரரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டு வாங்குகிற இடத்தில் இருப்பவர் எப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார்? நம் சுற்றி வளைத்த பேச்சில் பாதி மரியாதை, மீதி இந்தப் பயம் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தோன்றியது.

அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொள்ள 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. வாடகை வீட்டில் இருந்தாலும் அவற்றுக்கு வரி கட்ட வேண்டும். நான்கு வருஷத்துக்கு ஒரு தேர்தல், சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் ஓட்டு உண்டு. பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாத நான் 2023 மார்ச்சில் தண்ணீருக்குப் போட்டேன். அப்பாவிடம் போனில் சொன்னால், "அப்ப வாய்க்கால் தூர் வாரலைன்னா நீ சண்டைக்குப் போகலாம்" என்றார். போகலாம்தான்.

விருந்தோம்பல் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் சமாதானமாகவில்லை. யார் வீட்டுக்கும் முன்கூட்டியே நாள் குறித்துத்தான் போக வேண்டும். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே. அந்த நேரத்தில் போய் நின்றால் அவர்கள்தான் நெளிவார்கள். பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவர் அம்மா, மனைவி, அண்ணன் எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். ஒரு காபி, ஒரு துண்டு கேக். ஆபீஸில் கேக் வாங்கி வர வேண்டியதும் பிறந்தநாள்காரரேதான். நான் படுத்துக் கிடந்தபோது யாரும் கஞ்சி வைத்துக்கொண்டு வரவில்லை. அதே மனிதர்கள், வீடு மாற்ற ஆள் வேண்டும் என்று நான் வாய் திறந்து கேட்டதும், சனிக்கிழமை காலை வேனோடு வந்து நின்றார்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காமல் செய்தால் தலையிடுவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் அவர்களுக்கு. நியாயம் புரிகிறது. ஆனாலும் சாப்பாட்டு வேளையில் வந்தவரைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை, ஒப்பவும் போவதில்லை.

தம்பியிடம், என் வீட்டுக்கு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வா என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் வீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடு.