அந்த நோட்டை ஒளிக்காதீர்கள்
போர்க்காலப் பெண் உளவாளிகளை வைத்து எழுதப்படும் வரலாற்று நாவல்கள் என்றால் எனக்கு உயிர். கையில் கிடைத்தால் விடமாட்டேன். ஆனால் பலவற்றில் நாயகி பேரழகி, குறி தப்பாமல் சுடுபவள், தவறே செய்யாதவள். நிஜத்தில் நடந்தது இதைவிடப் பெரிய கதை.

நூர் இனாயத் கானையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஜூனில், எதிரி நாட்டுக்குள் ரகசிய வேலைகளுக்கு ஆள் அனுப்பிய பிரிட்டனின் எஸ்ஓஈ அமைப்பு, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்கு அவரை வயர்லெஸ் இயக்க அனுப்பியது. போன சில நாட்களிலேயே பாரிஸில் அவருடைய குழு கொத்தாகப் பிடிபட்டது. திரும்பி வரச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். சூட்கேஸுக்குள் அடங்கும் கருவி, ஜன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்ட வேண்டிய ஏரியல் கம்பி, அலைவரிசையை மோப்பம் பிடித்துச் சுற்றும் ஜெர்மன் வண்டிகள். ஒரே இடத்தில் அதிக நேரம் செய்தி அனுப்பினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்படியும் அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார்.

பிடிபட்டபோது, அனுப்பிய செய்திகளை எழுதிவைத்திருந்த நோட்டும் சிக்கியது. அதை வைத்து ஜெர்மானியர்கள் அவர் பெயரிலேயே லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டனும் நம்பியது. அதன்பின் பாராசூட்டில் குதித்த சிலர் நேராக எதிரி கையில் போய் விழுந்தார்கள்.

நாவலாசிரியர்கள் இந்த நோட்டை ஒளிக்கவே கூடாது. விசாரணையில் வாய் திறக்காதவரும் அவர்தான், அந்த நோட்டை வைத்திருந்தவரும் அவர்தான். 1944 செப்டம்பரில் டாகாவ் என்ற நாஜி வதைமுகாமில் சுட்டுக்கொல்லப்பட்டபோது வயது 30. இந்த முழு மனுஷியைத்தான் நான் நாவலில் தேடுகிறேன்.

அப்புறம், காதல் காட்சிகளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அந்த ஏரியலைக் கட்டுவதைப் பத்துப் பக்கம் எழுதுங்கள். ஒரு வரி விடாமல் படிப்பேன்.