போருக்குப் போனது எந்த முத்துசாமி?

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பத்தில் அண்ணன், தம்பி இருவரின் மூத்த பையன்களும் முத்துசாமிதான். ஊரும் ஒன்று, வயதும் ஒட்டி இருக்கும். 1914-18 போருக்குப் போனவர் யார் என்பதைத் தகப்பன் பெயர்தான் சொல்லும். அதையும் முழுதாக நம்ப முடியாது: ராமசாமி மகன் முத்துசாமி இரண்டு தலைமுறை கழித்து மறுபடி வருவார். ஆண்டையும் சேர்த்தே பாருங்கள்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தொடங்கலாம். 4.8.1914 முதல் 31.8.1921 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரை இருக்கும். பெயரைப் போட்டுத் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். முத்துசாமிக்கே ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக்கூட்டல். தாலுகாவைப் போட்டுத் தேடி, படைப்பிரிவை வைத்து வடிகட்டுங்கள். 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருநெல்வேலியிலிருந்து அதற்குப் போனது. ஜில்லா வேறு என்பதற்காக ஆளே வேறு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சிப்பாய் எண் அந்தந்தப் படைப்பிரிவுக்குள் மட்டுமே தனி. 73ஆம் கர்நாடிக் காலாட்படையில் ஒருவருக்கு இருந்த எண் 75ஆம் கர்நாடிக்கில் இன்னொருவருக்கும் இருக்கலாம். எண்ணையும் பிரிவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு திரும்பியவருக்கு வீட்டுப் பெட்டிதான் ஆதாரம். பதக்கத்தின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண், பதவி, பெயர், பிரிவின் சுருக்கம் தெரியும். பளபளக்கட்டும் என்று தேய்த்துவிடாதீர்கள், முதலில் அழிவது அந்த எழுத்துதான். சில ஊர்களில் உள்ள போர் நினைவுக் கல்லில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குதான் இருக்கும். சரிபார்க்க மட்டும் ஆகும்.

அடுத்தது சட்டசபை வாக்காளர் பட்டியல். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த தேர்தல்களில் சொத்தோ வரியோ இல்லாதவருக்கு ஓட்டு அரிது. பென்ஷன் வாங்கும் சிப்பாய்க்கு அந்தத் தகுதி இல்லாமலே ஓட்டு உண்டு. பட்டா இல்லாத முத்துசாமி பட்டியலில் இருந்தால் அவர்மேல் ஒரு கண் வையுங்கள். பட்டா உள்ள பெயரில்தான் சிக்கலே. செத்தவர் பெயரிலேயே பட்டா பல வருஷம் கிடக்கும். அதை வைத்து ‘1925இல் உயிரோடு இருந்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவரே கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பதிவான கிரயப் பத்திரம் கிடைத்தால் மட்டும் அப்படி எழுதலாம். அதில் தகப்பன் பெயரும் சேர்ந்தே இருக்கும்.