இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை

"அண்ணா, இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க."

மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு ஏழாவது மாதம் இருக்கும். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டை வெட்டி நீட்டினார். எத்தனை மாதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் தெரிந்தது: '...ஃபெனாக்'.

எனக்கு மனசு பதறியது. "டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்கம்மா" என்றேன். நல்லவேளை, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அப்போது பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது குறைந்தால் நீரும் குறையும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 அக்டோபரில் எச்சரித்தது இதைத்தான்.

30 வாரத்துக்கு மேல் இன்னொரு ஆபத்து. வயிற்றுக்குள் குழந்தைக்கு நுரையீரல் வேலை இல்லை. ரத்தம் அதைத் தாண்டிப் போக இதயத்தருகே ஒரு குழாய் திறந்திருக்கும். பிறந்த பிறகு மூட வேண்டிய அதை இந்த மாத்திரை முன்பே சுருக்கிவிடலாம். பிறந்ததும் குழந்தை மூச்சுக்குத் திணறலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் இருக்கிறது, அதுவும் டாக்டர் சொல்லும் அளவில். ஆனால் அதோடு இப்யூபுரூஃபனையோ அசிக்ளோஃபெனாக்கையோ சேர்த்த மாத்திரைகளும் விற்கின்றன. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அப்புறம், ரத்த அழுத்தப் பிரச்சினை வராமலிருக்க டாக்டர் எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.