கால்குலேட்டருக்கு ஒரு விளக்கக் குறிப்பு

ஏஐ ஏஜென்ட்கள் (தாமாகவே படிப்படியாக வேலை செய்யும் ஏஐ நிரல்கள்) அழைத்துப் பயன்படுத்த ஒரு சின்னக் கணக்குக் கருவி செய்தேன். அதற்கு விளக்கம் எழுத அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது.

முதலில் 'கணிதக் கோவையின் விடையைத் தரும்' என்று ஒரே வரிதான். ஏஜென்ட் 2^3 என்று அனுப்பியது. விடை 1 என்று வந்தது. உள்ளே ஓடுவது பைத்தான் என்ற நிரல்மொழி. அங்கே ^ அடுக்குக்குறி இல்லை, இரும எண்களின் பிட்களை ஒப்பிடும் எக்ஸ்ஆர் (XOR) என்ற வேறு செயல். அடுக்குக்கு ** போட வேண்டும். மனிதராக இருந்தால் அந்த 1-ஐப் பார்த்ததுமே புருவத்தை உயர்த்தியிருப்பார். இதுவோ அதை நம்பி அடுத்த படிக்கே போய்விட்டது.

அப்புறம் சைன். 30 கொடுத்தால் 0.5 வர வேண்டும், இல்லையா? வந்தது -0.988. கோணம் பாகையில் அல்ல, ரேடியனில் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. லாக் என்பது இயல் மடக்கையா, 10 அடிமானமா என்பதும் அதே கதைதான். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணமும் அதன் விடையும் சேர்த்துவிட்டேன். பத்து வரி அறிவுரையைவிட அதைத்தான் ஏஜென்ட் ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

கணினி தசமங்களைத் தோராயமாகவே சேமிப்பதால் 0.1 + 0.2 என்பதற்கு 0.30000000000000004 வரும் என்பதையும் எழுதி வைத்தேன்.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் பகுதிதான் என்பது கடைசியில்தான் உறைத்தது. 'தவறான உள்ளீடு' என்றபோது ஏஜென்ட் அதே கோவையை நான்கு முறை திரும்ப அனுப்பியது. 'காற்புள்ளி வேண்டாம், 1,000 அல்ல, 1000' என்று மாற்றினேன். அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கொண்டது.