தூளியில் தொங்கும் முலாம்பழம்

காவேரிப்பட்டணத்துல எங்க வீட்டுக்குப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவுல ஒரு துண்டு செம்மண் இருக்கு. தரையில படரவிட்டா ரெண்டு முலாம்பழக் கொடியே அந்த இடத்தை அடைச்சிக்கும். வலையில ஏத்திவிட்டதால இப்போ எட்டுக் கொடி நிக்குது.

எங்க மாவட்டத்துல கல்லுக்குப் பஞ்சமில்ல. வேலிக்கு ஊன்றுற கல்தூண் ரெண்டை வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்து ஆழமா நட்டார். மேலயும் கீழயும் ஜி.ஐ. கம்பி இழுத்து, நடுவுல நைலான் வலை கட்டியாச்சு. உயரம் என் கைக்கு எட்டுற அளவுதான். வலை வடக்கு தெற்கா நிக்கணும்னு நான்தான் பிடிவாதமா சொன்னேன். அப்பதான் காலை வெயில் ஒரு பக்கம், சாயங்கால வெயில் மறுபக்கம்னு எல்லா இலைக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

இலையைப் பத்தி நான் இவ்வளவு பேசுறதுக்குக் காரணம் இருக்கு. மாங்காயைப் பறிச்சு வைக்கோல்ல வச்சா இனிப்பாயிடும். காய்க்குள்ள இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாறுது. முலாம்பழத்துல அப்படி மாற மாவுச்சத்து இல்ல. கொடியில இருக்கிற வரைக்கும் இலை அனுப்புற சர்க்கரைதான் அதோட மொத்த இனிப்பும். பறிச்ச பிறகு சதை மெதுவாகும், வாசனை கூடும், இனிப்பு மட்டும் கூடாது. தூரத்து மார்க்கெட்டுக்கு லாரியில போற பழத்தைக் கொஞ்சம் முன்னாடியே பறிச்சாகணும், இல்லன்னா வழியிலேயே குழைஞ்சிடும். அந்தக் கடைசிச் சில நாளைக் கொடியிலேயே விட்டு வைக்க வீட்டுத் தோட்டக்காரங்களால முடியும். நான் முலாம்பழம் போடுறதே அதுக்காகத்தான்.

விதை தை மாசத்துல. வேரைத் தொந்தரவு பண்ணா இதுக்குப் பிடிக்காது, அதனால நேரா மண்ணுல ஊன்றிடுவேன். தொழுவுரம் நிறைய, தேங்காய் நார்க்கழிவு கொஞ்சம், கொடிக்குக் கொடி ஒன்றரை அடி. பெங்களூர் ஹெசரகட்டாவுல இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ரகங்கள்ல அர்கா ஜீத் சின்னப் பழம், வலைக்குச் சுமையே தெரியாது. அர்கா ராஜ்ஹன்ஸ் ஒரு கிலோவைத் தாண்டும். சின்னதை முதல்ல போட்டுப் பாருங்க. ரெண்டு இலை விட்டதும் சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும். விடியக்காலையில அது மந்தமா இருக்கும், கையாலேயே பிடிச்சு சோப்புத் தண்ணியில போட்டுடலாம்.

முதல்ல வர்ற பூவெல்லாம் ஆண் பூ. பூ பூத்துக் காயே பிடிக்கலன்னு பக்கத்து வீட்டு அக்கா கவலைப்படுவாங்க. பக்கக்கிளை வரட்டும்கா, பொறுங்கன்னு சொல்வேன். காய்க்கிற பூ பக்கக்கிளையிலதான் வரும். பூவுக்கு அடியில பட்டாணி அளவுக்கு, பூனைமுடி மாதிரி ரோமம் போர்த்தின குட்டிப் பிஞ்சு இருக்கும். ஒருநாள் பூ அது, காலையில விரிஞ்சா மறுநாள் கிடையாது. கொசுத்தேனீ வந்தா அதுவே பார்த்துக்கும். வராத நாள்ல ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரிச்சிட்டு, நடுவுல இருக்கிற மகரந்தத்தை இந்தப் பூவுக்குள்ள மெதுவா ஒத்தி எடுக்கணும். வெயில் ஏறும் முன்னாடியே முடிச்சிடணும். பூ விரியிற காலத்துல காலை நேரம் வேப்பெண்ணெய்கூட அடிக்க மாட்டேன், சாயங்காலம்தான்.

ஒரு கொடிக்கு ரெண்டு காய் போதும். மிச்சத்தைக் கிள்ளுறதுக்கு மனசு கேக்காதுதான். ஆனா இருக்கிற இலை ரெண்டு காய்க்குத்தான் நல்லா சோறு போடும். காய் பிடிச்ச கிளையில காய்க்கு மேல ரெண்டு மூணு இலை விட்டு நுனியைக் கிள்ளிடுங்க.

இனிமேதான் என் தொழில் உதவுது. தையல் கடை வச்சிருக்கேன், பாவாடைக்கு வெட்டின நெட் துணி எப்பவும் மிஞ்சும். பிஞ்சு எலுமிச்சை அளவு ஆனதும் நாடா வச்ச நெட் பையை மாட்டிச் சுருக்கிடுவேன். பழ ஈ தோலைக் குத்தி முட்டை வைக்கிறது பிஞ்சுலேயேதான், அதனால தள்ளிப்போடக் கூடாது. காய் கையளவு வந்ததும் தூளி. சாண் அகலத் துணி, ரெண்டு முனையும் மேல் கம்பியில. கொடியில கட்டக் கூடாது, பாரம் அதுக்கே போய்ச் சேரும். லைனிங் துணி ஈரத்தைப் பிடிச்சு வச்சிக்கும், அடிப்பக்கம் அழுகும். நெட் துணியில காத்து நுழையும், தண்ணி நிக்காது.

வலைத்தோல் ரகமா இருந்தா, பங்குனி வெயில்ல பச்சைத் தோல் மேல சாம்பல் நிறத்துல வரி வரியா வலை மாதிரி எழும்பும். அதுக்கு நடுவுல இருக்கிற பச்சை மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும்போது தண்ணியைக் குறைச்சிடுவேன். கொடி வாடக் கூடாது, மண்ணும் சொதசொதன்னு இருக்கக் கூடாது. கோடை மழை திடீர்னு கொட்டினா பழம் வெடிக்கும், அதனால மழை கருக்கட்டினா வேர்ப்பக்கம் ஒரு சாக்கை விரிச்சு மூடிடுவேன்.

பறிக்கிற பக்குவத்தைக் காம்பு சொல்லும். காம்பு பழத்தோட சேர்ற இடத்துல வட்டமா ஒரு கீறல் விழும். அது முழுசா சுத்தி வந்ததும் கட்டைவிரலால லேசா தள்ளினாலே பழம் தூளியில உக்காந்திடும். இழுக்க வேண்டியிருந்தா இன்னும் விடுங்க. வலைத்தோல் ரகங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. வழவழன்னு இருக்கிற சில ரகங்கள் பழுத்தாலும் காம்பை விடாது, நிறத்தையும் வாசனையையும் பார்த்துக் கத்திரியால வெட்டணும்.

எங்க அத்தை இதைப் பொடியா நறுக்கி நாட்டுச்சர்க்கரை போட்டு ஊறவச்சித்தான் சாப்பிடுவாங்க. எங்க வீட்டுக் கொடியில பழுத்ததுக்கு அவங்க சர்க்கரை டப்பாவைத் திறக்கிறதில்ல. விதையைக் கழுவி நிழல்ல காயவச்சா தோல் உரிச்சு வறுத்துத் திங்கலாம். அடுத்த தைக்கு விதைக்க எடுத்து வைக்கிறதா இருந்தா ஒரே ரகம் மட்டும் போட்டிருக்கணும், ரெண்டு ரகம் பக்கத்துல இருந்தா தேனீ கலந்துவிட்டுடும்.